ஒன்பது வண்டி, ஒரு கம்பம்

"என் வீட்டுக்காரரோட பொருள் எல்லாம் வந்துடுச்சுங்கய்யா. பை மட்டும் வரல."

அந்தப் பெண் அட்டைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். ஹெல்மெட். பூட்ஸ் ஒரு ஜோடி. ஒரு பக்கம் ஒடிந்த மூக்குக்கண்ணாடி. இரண்டு பேனா. கம்பெனி கொடுத்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டிருந்தது. ரொம்பச் சுத்தமான பட்டியல். சுத்தமான பட்டியலைக் கண்டால் எனக்கு ஆகாது.

நான் முப்பது வருஷம் ஓர் ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்தவன். படித்தது நாலாவது. துப்பறிய அது போதும். எவனையும் நம்பாதே, அவ்வளவுதான் பாடம். என்னோடு வருகிறவன் விசில். பஸ் கண்டக்டராக இருந்தவன். வாயால் வேலை போனது. வேலைதான் போனது, வாய் போகவில்லை.

"பை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"காக்கி கேன்வாஸ். கழுத்துல மாட்டி இடுப்புல கட்டிக்கிற மாதிரி. முன்பக்கம் ஒன்பது பாக்கெட். நான்தான் தெச்சேன்." ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைக் காட்டினாள்.

"கங்காருவுக்கே ஒண்ணுதாம்மா" என்றான் விசில்.

"சீட்டு வைக்கன்னு சொன்னாரு. எட்டு போதாதான்னேன். இல்ல, ஒன்பது வேணும்னாரு. ஏழாவதுக்கு மட்டும் ரெட்டைத் தையல் போடச் சொன்னாரு. அது நம்ம வீட்டுப் பாக்கெட்டுன்னு சிரிச்சாரு."

அவள் புருஷன் கன்டெய்னர் யார்டில் டாலிக்காரன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று நம்பர் பார்த்துக் குறித்துக்கொண்டு நடக்கிற வேலை. பன்னிரண்டு நாளைக்கு முன், பகல் இரண்டு மணிக்கு, பன்னிரண்டாவது வரிசையில், பெட்டி தூக்கும் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து அவனை நசுக்கிவிட்டது. வண்டி ஓட்டியவன் வேறு யாருமில்லை. இவளுடைய சொந்தத் தம்பி.

"தம்பி என்ன சொல்றான்?"

"ஆள் நடமாட்டம், வண்டிய நிறுத்துன்னு டேப்ல, பெரிய போன் மாதிரி டிரைவருக்குக் குடுத்திருக்காங்களே, அதுல மெசேஜ் வந்துச்சாம். பார்த்தேன்னு அமுக்கிட்டு, நிறுத்தாம ஓட்டிட்டேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டான். நாளைக்குக் கோர்ட்டுலயும் அதையே சொல்லப் போறானாம். பொய்யுங்கய்யா. நாய் படுத்திருந்தாக்கூட இறங்கி எழுப்பி விட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பான் அவன்."

"உங்களுக்குக் கம்பெனி என்ன சொல்லிச்சு?"

"அவர் மேல தப்பு இல்லாததால இந்தக் கம்பெனி வீடு உங்களுக்கே இருக்கட்டும்னாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவரோட வேலையும் எனக்குத்தான்." தலையைக் குனிந்துகொண்டாள். "புருஷன் போயிட்டாருங்கய்யா. இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனையாவது மீட்டுக் குடுங்க."

மறுநாள் காலை பத்தரைக்குக் கோர்ட். கையில் ஒரு முழுப் பகல்கூட இல்லை. காணாமல் போன ஒரு பையைத் தவிர வேறு துப்பும் இல்லை.

"கிளம்பு" என்றேன்.

"எங்க பெருசு?"

"பை தேடத்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அது."

*

யார்டு மேனேஜர் தடுக்கவில்லை. "தாராளமா பாருங்க, எங்ககிட்ட மறைக்க எதுவுமில்ல" என்றார். மறைக்க எதுவுமில்லை என்று வாசலில் சொன்னவன் எவனையும் நான் சோதிக்காமல் விட்டதில்லை.

நெட்வொர்க் இன்ஜினியரை எங்களோடு அனுப்பினார். சின்ன வயசு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். அந்த டேப்பில் முப்பத்தாறு ஏக்கர் யார்டின் வரைபடம். பன்னிரண்டு கம்பம், கம்பத்துக்கு ஒரு வைஃபை பெட்டி. வரைபடம் முழுக்கப் பச்சை.

"பச்சைன்னா ஃபுல் சிக்னல் சார். ஒரு இஞ்சு விடல."

"நெல்லு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான் விசில்.

"இதை எப்ப அளந்தே தம்பி?" என்றேன்.

"யார்டு திறக்கிறதுக்கு முந்தின வாரம். நானே டேப்பைப் பிடிச்சுக்கிட்டு மூலை மூலையா நடந்தேன்."

"அன்னைக்கு இங்க எத்தனை பெட்டி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. தரை காலியா, கண்ணாடி மாதிரி..."

பாதியில் நின்றுவிட்டான். இரும்புப் பெட்டிகள் ஐந்து ஐந்தாய் அடுக்கி, மூன்று மாடி உயரத்தில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. நடுவே ஒரு வண்டி போகிற சந்து. வானம் நாடா மாதிரி தெரிந்தது.

"நட" என்றேன். "டேப்பைப் பார்த்துக்கிட்டே நட."

நடந்தான். இருபது அடியில் நாலு கோடு இரண்டானது. நாற்பது அடியில் ஒன்று. பன்னிரண்டாவது வரிசைக்கு வந்தபோது ஒன்றுமே இல்லை. டேப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். கவிழ்த்தான். தட்டினான்.

"சாமி வரம் குடுக்குமான்னு பாக்குறீங்களா?" என்றான் விசில்.

"ஆனா சார்," இன்ஜினியருக்கு வேர்த்துவிட்டது, "ஒன்பது வண்டிக்கும் நாள் முழுக்க மெசேஜ் போகுது. ஒவ்வொண்ணுக்கும் டிரைவர் ஒரு நிமிஷத்துக்குள்ள பார்த்தேன்னு அமுக்கணும். பத்து மாசமா ஒண்ணுகூட மிஸ் ஆகல சார். நூத்துக்கு நூறு."

"அதுக்கு முன்னாடி?"

"முதல் மாசம் நிறைய மிஸ் ஆச்சு. மூணு மிஸ் பண்ணா வேலை இல்லன்னு மேனேஜர் ரூல் போட்டாரு. ரெண்டு டிரைவர் போனாங்க. அதுக்கப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு."

இந்தச் சந்துக்குள் சிக்னல் செத்துக் கிடக்கிறது. இதே சந்துக்குள் வேலை பார்க்கிறவர்கள் நூற்றுக்கு நூறு. என் வாசலில் ஒருவன் பத்து மாசம் தினமும் வெறும் பையோடு போனான். பதினோராவது மாசம் அவன் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை.

"அந்த ரெண்டு மணி விபத்துக்கு என்ன எழுதியிருக்கு? பேப்பர்ல எடுத்துக் குடு."

கன்ட்ரோல் ரூமுக்குப் போய் அச்சடித்துக் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் வராது. நம்பர் வரும். வண்டி ஏழு. மணி 1.52. கடைசிக் கட்டத்தில் மூன்று.

"இந்த மூணு என்ன?"

"எந்தக் கம்பத்து வழியா பதில் வந்துச்சுன்னு. மூணாவது கம்பம்."

"அது எங்க இருக்கு?"

ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். தண்ணீர் டேங்க் பக்கம். பன்னிரண்டாவது வரிசை யார்டின் மறுகோடியில்.

நான் விரலை அந்தக் கட்டத்திலேயே வைத்து மேலே ஏற்றினேன். வண்டி இரண்டு, கம்பம் மூன்று. வண்டி ஒன்பது, கம்பம் மூன்று. வண்டி ஐந்து, மூன்று. பக்கம் முழுக்க மூன்று, மூன்று, மூன்று.

"தம்பி, மத்த பதினோரு கம்பமும் சும்மா காக்கா உட்காரவா?"

அவன் அந்தக் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "நான்... இந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்ல சார். பச்சையா இருந்தா யாரும் பார்க்க மாட்டோம்."

*

மூன்றாவது கம்பம் தண்ணீர் டேங்குக்கும் கம்பி வேலிக்கும் நடுவே நின்றது. நான் இரண்டு கையையும் விரித்தேன். ஒரு விரல் டேங்கைத் தொட்டது, மறு விரல் வேலியைத் தொட்டது.

"ஒரு வண்டி அறுபது டன்" என்றேன். "ஒன்பது வண்டியும் இதுக்குள்ள வந்து நின்னு பார்த்தேன்னு அமுக்கிட்டுப் போயிருக்கு."

"ஒன்பது யானை ஒரு குடைக்குள்ள" என்றான் விசில்.

கம்பத்தடியில் ஒரு காலி பெயிண்ட் டின், கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கு மடித்து வைத்திருந்தது. அதன் முன்னே மண் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஒருவன் தினமும் மணிக்கணக்கில் காலை வைத்து உட்கார்ந்த இடம். ஒரே ஒருவன்.

விசில் அந்த டின்னையே பார்த்தான்.

"பெருசு, கூட்டமா இருக்கிற பஸ்ல பின்னாடி ஒன்பது பேர் நசுங்கிக்கிட்டு நிப்பான். என்னால அங்க போக முடியாது. அவன் என்கிட்ட வர முடியாது. என்ன பண்ணுவோம்? எல்லாரும் காசைக் கை மாத்தி மாத்திக் குடுப்பாங்க. நடுவுல ஒருத்தன் கையில ஒன்பது டிக்கெட்டும் இருக்கும். ஆனா போறது ஒன்பது பேரு."

"ஒன்பது டிக்கெட்" என்றேன்.

"ஒன்பது பாக்கெட்" என்றான்.

*

டிரைவர்கள் ஓய்வு அறையில் எட்டு பேர் இருந்தார்கள். நீளமான பெஞ்சு, அலமாரிகள், தண்ணீர் கேன், சுவரில் முதலுதவிப் பெட்டி. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. வண்டி நம்பர்தான் பெயர்.

"பை எங்கே?" என்றேன்.

"எந்தப் பை?" என்றார் எட்டாம் நம்பர். எல்லாரிலும் மூத்தவர். மீசை நரைத்துவிட்டது.

நான் அலமாரியைத் திறக்கவில்லை. பெஞ்சைப் புரட்டவில்லை. சும்மா நின்று கண்களைப் பார்த்தேன். ஒளித்து வைத்தவன் எல்லா இடத்தையும் பார்ப்பான், ஒளித்த இடத்தைத் தவிர. ஒருவன் அலமாரியைப் பார்த்தான். ஒருவன் தண்ணீர் கேனைப் பார்த்தான். ஒருவன் கூரையைப் பார்த்தான். எட்டு ஜோடிக் கண்ணில் ஒன்றுகூட சிவப்புச் சிலுவை போட்ட பெட்டிப் பக்கம் போகவில்லை.

"விசில், எனக்குத் தலை வலிக்குது. ஒரு மாத்திரை எடு."

அவன் முதலுதவிப் பெட்டியைத் திறந்தான். பஞ்சுக்குப் பின்னால் காக்கி கேன்வாஸ் மடித்துத் திணித்திருந்தது. விரித்தான். ஒன்பது பாக்கெட். ஏழாவதில் ரெட்டைத் தையல். கழுத்துப் பட்டையில் காய்ந்த கறை.

எட்டாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கு வேற வழியில்லங்க. உள்ள சிக்னல் கிடையாது. சொன்னோம். மேப் பச்சையா இருக்கு, நீங்கதான் தூங்குறீங்கன்னாங்க. ரெண்டு பேரைத் துரத்துனாங்க. அப்பத்தான் டாலிக்காரர் சொன்னாரு, உங்க டேப்பை எல்லாம் எங்கிட்ட குடுங்கடா, நான் கம்பத்தடியில உக்காந்து அமுக்கறேன்னு. காலையில வாங்கிப்பாரு. எந்தப் பெட்டி எங்க போகணும்னு துண்டுச் சீட்டுல எழுதி வைப்பாரு, அந்தப் பக்கம் வர்றப்ப வாங்கிப்போம். ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு நாங்க நடந்து போய் டேப்பைத் திருப்பி வாங்கிப்போம். வெளிய போறப்ப கேட்டுல வாட்ச்மேன்கிட்ட காட்டணுமில்ல."

"நல்ல நெட்வொர்க்குங்க" என்றான் விசில். "ரெண்டு காலு, ஒரு பேனா."

நான் பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு அவர் ஏன் வரிசைக்குள்ள போனாரு?"

மற்றவர்களோடு எட்டாம் நம்பரும் தரையைப் பார்த்தார். "அது தெரியல."

தெரியும். பொய் சொன்னார். ஆனால் மீதியை நானே போட்டுப் பார்த்துவிட்டேன். யார்டு ரூல்படி, யாராவது வரிசைக்குள் நடந்து போக வேண்டுமென்றால் முதலில் தன் டேப்பில் கேட்க வேண்டும். உடனே அந்த வரிசை வண்டிக்கு நிறுத்து என்று மெசேஜ் போகும். டிரைவர் பார்த்தேன் என்று அமுக்கினால்தான் நடக்கிறவனுக்கு வழி கிடைக்கும். டாலிக்காரன் கம்பத்தடியில் நின்று தன் டேப்பில் கேட்டான். மெசேஜ் அவன் வயிற்றுப் பக்கமே வந்தது, ஏழாவது பாக்கெட்டுக்கு. அவனே அமுக்கினான். வழி கிடைத்தது. நடந்தான்.

கேட்ட கையும் அதுதான். பதில் சொன்ன கையும் அதுதான். வண்டியில் இருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது.

"பையைக் கழட்டி, டேப்பை எல்லாம் அவங்கவங்க வண்டியில போட்டது நாங்கதான்" என்றார் எட்டாம் நம்பர். "வெளிய தெரிஞ்சா எட்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

"நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்லுங்க. ஒரு உயிரு உள்ள கிடக்குது."

"வர்றோம்" என்றார்கள். எட்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

*

ஜெயிலில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். பையைக் காட்டினேன். அவன் முகம் போன போக்கு சரியில்லை. தப்பிக்கப் போகிறவன் முகம் அப்படி இருக்காது.

"எரிச்சிடுங்க" என்றான்.

"டேய், இது உன்னை வெளிய கொண்டு வரும்டா."

"மாமாவைக் குத்தவாளி ஆக்கித்தானே? அவரு அமுக்குனதுன்னு தெரிஞ்சா தப்பு அவர் மேல. அக்காவுக்கு வேலை கிடையாது, வீடு கிடையாது. அதுக்கு நான் உள்ளயே இருக்கேன்."

"நீ பண்ணாத தப்புக்கு..."

"பண்ணேன்." வலையில் விரல்களைக் கோத்தான். "ரெண்டு மணிக்கு நான்தான் நடந்து போய் டேப்பை வாங்கணும். மறுகோடியிலேர்ந்து அவ்வளவு தூரம் போகணுமேன்னு சோம்பேறித்தனம். எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு ஹாரன் அடிச்சா, மாமா நீயே கொண்டு வான்னு அர்த்தம். மத்தவனுக்கு வர மாட்டாரு. எனக்கு வருவாரு." வலையிலிருந்து கையை எடுத்தான். "அடிச்சேன். அடிச்சுட்டு, அவரு வர்றதுக்குள்ள கடைசிப் பெட்டிய வச்சிரலாம்னு பின்னால எடுத்தேன். நான் கூப்பிட்டுத்தான் பெரியவரே வந்தாரு."

விசில் பையை மறுபடி மடித்து வைத்தான்.

எட்டு பேருக்கும் ஹாரன் கேட்டிருக்கும். அதனால்தான் அந்த அறையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

*

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரனையும் சொன்னேன். எனக்குப் பொய் வராது என்றில்லை. அன்று வரவில்லை.

பையை மடியில் போட்டு, ஏழாவது பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். அழவில்லை. தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதைக் காட்டினா வேலையும் வீடும் போயிடும்மா" என்றேன். "காட்டலேன்னா தம்பி."

"ஒன்பது பேரோடதைச் சுமந்தாரு. தம்பிக்காக இதையும் சுமக்கட்டும்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கே கோர்ட்டில் இருந்தோம். பையை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தேகாலுக்கு விசிலை வாசலுக்கு அனுப்பினேன். பத்தரைக்குத் தம்பியைக் கூண்டில் ஏற்றினார்கள். கேள்வி முடிவதற்குள், "நான்தாங்க. மெசேஜைப் பார்த்துட்டும் நிறுத்தல" என்றான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

அவள் எழுந்து பையைத் தூக்கிக் காட்டினாள். "ஐயா, இதைப் பாருங்க..."

"என்னம்மா இது?"

"நான் தெச்சதுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி இருக்கா?"

நான் கதவைப் பார்த்தேன். விசில் தனியாக வந்தான். காதருகே குனிந்தான்.

"இன்ஜினியருக்குப் போன் போட்டேன், பெருசு. எட்டு பேரும் டியூட்டியில. ஏழாம் நம்பருக்கும் புது ஆள் வந்தாச்சாம். காலையிலேர்ந்து ஒரு மெசேஜ் மிஸ் ஆகல. எல்லாம் மூணாவது கம்பம். யாரோ ஒருத்தன் அந்த டின்னுல உக்காந்திருக்கான்."

"அவன் வந்து அதைச் சொல்லலாமே."

"கேட்டேன். மேப் அவன் போட்டதாச்சே."

மூன்று வருஷம் போட்டார்கள். கீழே இறங்கும்போது யார்டு மேனேஜர் படிக்கட்டில் எதிரே வந்தார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று கேட்காததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"திங்கக்கிழமை ஆறு மணி ஷிஃப்ட். மறந்துடாதம்மா" என்றார்.

*

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு நானும் விசிலும் வேலிக்கு வெளியே நின்றோம். கேஸ் முடிந்துவிட்டது. எதற்கு வந்தோம் என்று கேட்ட விசிலுக்கு வேலிக்குள் கையைக் காட்டினேன்.

அவள் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட், கழுத்தில் காக்கிப் பை. கறையைத் துவைத்திருந்தாள், முழுக்கப் போகவில்லை. ஒன்பது பாக்கெட்டும் நிறைந்திருந்தன. ஒரு பாக்கெட் மின்னும், அமுக்குவாள். இன்னொன்று மின்னும், அமுக்குவாள். துண்டுச் சீட்டில் எழுதுவாள்.

"என்னம்மா இது?" வேலிக் கம்பி வழியாகக் கேட்டேன்.

"மாட்டேன்னு சொன்னா எட்டு பேரும் வீட்டுக்குப் போகணுமாம். எட்டாம் நம்பர் அண்ணன் வந்து அழுதுட்டாருங்கய்யா." குனிந்தபடியே சொன்னாள். "கம்பத்தடிய விட்டு நகர மாட்டேன்னு சொல்லிட்டேன். யாரா இருந்தாலும் நடந்து வந்துதான் வாங்கணும். ஹாரன் அடிக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கேன்."

"கேப்பாங்களா?"

"எட்டு பேரும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாங்க."

"ஒன்பது பேரு" என்றான் விசில், மெதுவாக.

அவள் நிமிர்ந்தாள். ஏழாம் நம்பர் புது ஆள். அவனிடம் யாராவது சொன்னார்களா என்று யோசிக்கிற முகம்.

இரண்டு மணி ஆனது. பெட்டிச் சுவர்களுக்குப் பின்னாலிருந்து வண்டி நம்பர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்து டேப்பை வாங்கிப் போனார்கள். எட்டு பாக்கெட் காலியானது. ரெட்டைத் தையல் போட்டது மட்டும் கனத்துத் தொங்கியது.

மறுகோடியில், பன்னிரண்டாவது வரிசைப் பக்கத்திலிருந்து, இரண்டு ஹாரன் கேட்டது.

அவள் அசையவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

மறுபடியும் இரண்டு.

"போகாதம்மா" என்றேன்.

"கேட்டுல டேப்பைக் காட்டலேன்னா அவனுக்கு இன்னைக்கே வேலை போயிடுங்கய்யா. சின்னப் பையனுங்க. என் தம்பி வயசு."

எழுந்தாள். தன் டேப்பில் வழி கேட்டாள். ஏழாவது பாக்கெட் மின்னியது. அதற்குள் கையை விட்டு, பார்த்தேன் என்று அமுக்கினாள்.